மாட்டுக்குக் காயம், காப்புறுதியில் என்ன கிடைக்கும்? பத்திரத்தை வாசிக்கத் தொடங்குவோருக்கு

போன மாரியில் எங்கள் கறவைமாடு சிவப்பி முட்கம்பி வேலியைத் தாண்டப் போய்ப் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. தையல், ஊசி, மருந்து என்று மூன்று வாரம் ஓடியது. பற்றுச்சீட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, காப்புறுதி செய்த இடத்துக்குப் போனேன். மேசையில் இருந்த தம்பி பத்திரத்தைப் புரட்டிவிட்டு, “ஐயா, மாடு உயிரோடுதானே இருக்கிறது?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அப்படியென்றால் இதில் ஒன்றும் இல்லை” என்று பத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்றிரவு இங்கிலாந்தில் இருக்கும் தமக்கையின் மகளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் குதிரை வளர்க்கிறாள். குதிரை என்றால் எங்களுக்கு நெடுந்தீவில் மேய்கிற குதிரைகள்தான் நினைவுக்கு வரும். அவளுடையது கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பது. அதுவும் முன்னொரு நாள் கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டதாம், வைத்தியச் செலவில் பெரும்பகுதியைக் காப்புறுதி கொடுத்ததாம். “மாமா, உங்கள் பத்திரத்தில் வைத்தியச் செலவு என்று தனியாக எழுதியிருக்கிறதா?” என்று கேட்டாள். மூன்று வருடம் கட்டுப்பணம் கட்டிய நான் அதைப் பார்த்ததே இல்லை.

முதற்படி: எதற்குப் பணம் என்று பாருங்கள்

பத்திரத்தை எடுத்து நான்கு விடயங்களைத் தேடுங்கள்: இறப்பு, வைத்தியச் செலவு, பயன் இழப்பு, பிறருக்கு நேரும் சேதம். குதிரைக் காப்புறுதியில் இவை பெரும்பாலும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். குதிரை உயிரோடு இருந்தாலும் இனிச் சவாரிக்கு ஆகாது என்றால், அது பயன் இழப்பு. அந்தப் பகுதியை வாங்காதவருக்கு நொண்டிக் குதிரையும் தீவனச் செலவும்தான் மிச்சம்.

எங்கள் பக்கத்துக் கால்நடைக் காப்புறுதியின் அடிப்படை இறப்புத்தான். நோயால் அல்லது விபத்தால் மாடு செத்தால் பணம். சிலவற்றில் நிரந்தர இயலாமையும் சேர்ந்திருக்கும். அதாவது இனிப் பால் கறக்காது, கன்று போடாது, எருதென்றால் வண்டி இழுக்காது என்று மிருக வைத்தியர் எழுதித் தர வேண்டும். ஆறிவிடும் காயத்துக்கான செலவு உங்கள் கையில் இருந்துதான்.

நான்காவதை, அதாவது பிறருக்கு நேரும் சேதத்தை, எவரும் கேட்பதில்லை. இரவில் ஏ9 வீதியின் சூட்டுக்கு மாடுகள் தாரில் வந்து படுக்கும். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அதில் மோதிக் கையை உடைத்தால், மாட்டின் பத்திரம் அவருக்கு ஈடு கொடுக்குமா? பத்திரம் எடுக்கும் அன்றே கேளுங்கள். “இல்லை” என்ற பதிலும் பயனுள்ளதுதான். மாட்டை மாலையில் கட்டி வைப்பீர்கள்.

அரசின் பக்கம் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பயிருக்கு மட்டுமன்றிக் கால்நடைக்கும் காப்புறுதி தருகிறது. தனியார் நிறுவனங்களும் உண்டு. எங்கே எடுத்தாலும் வாசிக்கும் முறை ஒன்றுதான்.

இரண்டாம் படி: தொகை

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மாடு சந்தையில் 200,000 ரூபா போகும் என்று வைப்போம். கட்டுப்பணம் குறையட்டும் என்று 100,000 ரூபாவுக்கு மட்டும் காப்புறுதி செய்தீர்கள். மாடு செத்தால் 100,000 ரூபாவுக்கு மேல் வராது. இழப்பில் பத்து வீதம் உரிமையாளருடையது என்ற நிபந்தனையும் இருந்தால் 90,000 ரூபாதான் கைக்கு வரும்.

மூன்றாம் படி: விலக்குகள்

எதற்குப் பணம் இல்லை என்று சிறிய எழுத்தில் சொல்லும் பகுதி. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் எடுக்கும்போதே இருந்த நோய், பழைய காயம், எடுத்த முதல் சில நாட்களுக்குள் வரும் நோய் ஆகியவை வழக்கமாக விலக்கப்படும்.

வன்னியில் “விபத்து” என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று வாய்விட்டே கேட்க வேண்டும். காட்டுக்கரையில் பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு வெடித்தால் விபத்தா? சுருக்குக் கம்பியில் கால் மாட்டினால்? யானை அடித்தால்? மாங்குளம், முறிகண்டிப் பக்கம் தண்டவாளத்தில் ரயில் மோதினால்? 2022 டிசெம்பரில் மாண்டோஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. உடலில் காயம் இல்லை, முன்பு நோயும் இல்லை. அப்படி ஒரு சாவு உங்கள் பத்திரத்தில் எந்த வரிக்குள் வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: காயப்பட்ட அன்று

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்: காயம், மாடு முழுவதும், காதில் இருக்கும் இலக்கத் தகடு. தகடும் மாட்டின் முகமும் ஒரே படத்தில் விழ வேண்டும். எங்கள் பட்டிக்காரர்கள் “குறி சுட்டிருக்கிறதே, போதாதா?” என்பார்கள். போதாது. குறி, மாடு யாருடையது என்று சொல்லும். நூறு மாட்டிலும் அதே குறிதான். காப்புறுதி செய்தது அந்த நூறில் எது என்று தகடுதான் சொல்லும். தகடு அறுந்து விழுந்திருந்தால் அன்றைக்கே அறிவித்துப் புதியது போடுங்கள். மாடு செத்த பிறகு போட முடியாது.

அடுத்தது காப்புறுதிக்காரருக்கு அறிவித்தல். எத்தனை மணித்தியாலத்துக்குள் என்று பத்திரத்தில் இருக்கும். காலபோகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுகிறோம். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை. மேய்ப்பவர் இரண்டு நாள் கழித்து வந்து சொல்லும்போது காலம் கடந்திருக்கும். அவரிடம் காப்புறுதிக்காரரின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, சிக்னல் எட்டும் இடத்துக்கு உடனே வந்து அறிவிக்கும்படி சொல்லி வையுங்கள். வாகனமோ ரயிலோ மோதினால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியை வாங்குங்கள்.

மாடு இனிப் பிழைக்காது என்று தெரிந்தால் அவசரப்படாதீர்கள். குதிரைக்காரர்களுக்கு இது கடுமையான விதி: வைத்தியர் உடனடியாகக் கொன்றாக வேண்டும் என்று சான்று தரும் நிலை தவிர, காப்புறுதிக்காரரின் சம்மதம் இல்லாமல் குதிரையைக் கருணைக்கொலை செய்தால் பணம் கிடைக்காமல் போகலாம். எங்களுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். காப்புறுதிக்காரர் பார்வையிடுவதற்கு முன் விற்காதீர்கள், புதைக்காதீர்கள். நாற்றம் தாங்காமல் புதைத்தே ஆக வேண்டுமென்றால், மிருக வைத்தியர் பரிசோதித்து அறிக்கை எழுதிய பிறகு, தகட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதையுங்கள்.

ஐந்தாம் படி: புதுப்பித்தல்

சிவப்பியின் பத்திரத்தை இந்த வருடம் புதுப்பித்தபோது, இந்த முறை எல்லாப் பக்கத்தையும் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: “வலது பின்னங்கால் தொடர்பான இழப்புகள் அடங்கா.” குதிரைக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று மருமகள் சொன்னாள், ஒருமுறை கோரிக்கை போன காலை அடுத்த முறை விலக்கிவிடுவார்களாம். காயம் முற்றாக ஆறிவிட்டது, மாடு சரியாக நடக்கிறது என்று மிருக வைத்தியரிடம் கடிதம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிழமையில் அந்த வரி இல்லாத பத்திரம் வந்தது. சிவப்பி இப்போது நான்கு லீற்றர் கறக்கிறது. முட்கம்பி வேலியைக் கழற்றிவிட்டேன்.