உளக்காயத்துக்கான ஆலோசனை: அவசரத்தால் நேரும் தவறுகள்

படகு கவிழ்ந்து, இரவெல்லாம் ஒரு மிதவையைப் பற்றிக்கொண்டு கிடந்து, விடிந்தபின் மீட்கப்பட்டுப் பாம்பன் கரைக்கு வந்து சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "நடந்ததை மறந்துரு" என்பார்கள். மீதிப் பேர் "மனசுக்குள்ள வச்சுக்காத, எல்லாத்தையும் கொட்டிரு" என்பார்கள். ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இந்த இரண்டு அறிவுரைகளிலும் இருப்பது ஒரே தவறுதான். எதை, எப்போது, எவ்வளவு பேசுவது என்ற முடிவை மனம் காயப்பட்டவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவருக்காகப் பிறர் தீர்மானிக்கிறார்கள். பேரிடரோ வன்முறையோ ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது, தனக்கு நேர்வதைத் தானே முடிவுசெய்யும் ஆற்றலை. அதைத் திருப்பித் தருவதற்காகவே உள்ள தனிநபர் ஆலோசனையும் அதே பறிப்பைச் செய்துவிடக் கூடாது.

முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், கெட்ட கனவு, எரிச்சல் ஆகியவை பெரும்பாலோருக்கு வரும். பெரும்பாலோருக்குத் தாமாகவே தணியவும் செய்யும். ஒரு மாதத்துக்கு மேலும் நினைவுகள் வலியப் புகுந்து அலைக்கழித்தாலோ, கடலையோ குறிப்பிட்ட தெருவையோ முற்றிலும் தவிர்க்கும் நிலை வந்தாலோ, வேலையும் உறவும் குலைந்தாலோதான் அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறாக இருக்கலாம் என்று முறையாகச் சோதிக்கிறார்கள். ஆகவே சம்பவம் நடந்த மறுநாளே ஆலோசகர் ஒருவரைக் கூட்டிவந்து, ஒரே அமர்வில் முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் செய்வது உதவியாகாது. ஒரு காலத்தில் பரவலாக இருந்த அந்த முறையை இன்றைய சிகிச்சை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த நாட்களில் தேவைப்படுவது உணவு, உறக்கம், பாதுகாப்பான இடம், கூட இருக்க நம்பிக்கையான ஒரு மனிதர். தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போடுவதும், "கொஞ்சம் போட்டா தூக்கம் வரும்" என்று மதுவை நீட்டுவதும் இந்தக் கரையில் அடிக்கடி காணும் தவறுகள். பெரியவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பின்னான முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்கென்று பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை (பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தருபவை) கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

ஆலோசனை தொடங்கிய பிறகு ஆலோசகர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. மேசைக்கு அப்பால் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, தேதியையும் பெயரையும் வரிசையாகக் கேட்பது சாதாரண நடைமுறையாகத் தோன்றலாம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையிலிருந்து திரும்பிய மீனவருக்கோ, 1983க்குப் பின் கடல் கடந்து வந்து மண்டபம் முகாமில் திரும்பத் திரும்ப விசாரணைக்குப் பதில் சொன்ன குடும்பத்தவருக்கோ அது இன்னொரு விசாரணையாகவே படும். எதற்காகக் குறிப்பெடுக்கிறோம், அதை யார் பார்ப்பார்கள், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாமா என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட்டால் பாதி அச்சம் குறையும். (ஈழத்துத் தமிழர்கள் இப்பணியை 'உளவளத்துணை' என்கிறார்கள். 'கவுன்சிலிங்' என்றதும் புத்திமதி என்று புரிந்துகொள்ளும் நம் ஊர்களுக்கு, 'துணை' என்ற அந்தச் சொல் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.)

தனிநபர் ஆலோசனை என்றால் அறையில் அவரும் ஆலோசகரும் மட்டுமே இருக்க வேண்டும். இது சொல்ல எளிது, நடப்பது அரிது. கணவர் உடன் வந்து உட்காருவார், அம்மா மகளுக்குப் பதிலாகத் தானே விடை சொல்வார், முன்பணம் கொடுத்த படகு உரிமையாளர் "எப்ப பாட்டுக்கு (கடல் தொழிலுக்கு) வருவான்?" என்று வாசலில் நிற்பார். வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் கணவரை வைத்துக்கொண்டு பேசுவது பயனற்றது என்பதோடு ஆபத்தானதும்கூட. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மறைவாகக் காக்க வேண்டும் என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு உரிமையாகவே தருகிறது. தற்கொலை ஆபத்து போன்ற விதிவிலக்குகளை ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் சிற்றூர்களில், பேருந்தேறி அடுத்த ஊர் ஆலோசகரிடம் போவதை வீண் அலைச்சலாக நினைக்க வேண்டியதில்லை.

பலகை மாட்டியவரெல்லாம் பயிற்சி பெற்றவர் அல்லர். மருத்துவ உளவியலாளராக இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா, உளக்காயத்துக்கான சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நம்பிக்கையையும் மருத்துவத்தையும் மோதவிடுவது இன்னொரு தவறு. மந்திரிக்கப் போனவரை ஆலோசகர் ஏளனம் செய்தால் அவர் மறுமுறை வரமாட்டார். வேண்டுதலும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை; தர்காவில் துவா செய்துவிட்டு அதே நாளில் மருத்துவரையும் பார்க்கலாம். ஆனால் கட்டிவைப்பதற்கு எந்த நம்பிக்கையும் சாக்காக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியில்லாமல் போக, 28 உயிர்கள் பறிபோயின. மனநலம் குன்றியவரை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது.

கடலுக்குப் போனவர் திரும்பாமலும் உடல் கிடைக்காமலும் போன வீடுகளில் நேரும் தவறு தனி வகையானது. தாலியைக் கழற்றுவதா, சடங்கு செய்வதா என்று ஊர் ஒரு முடிவைக் கேட்கும். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் சட்டம் அவர் இறந்ததாக அனுமானிக்கும். அதற்கிடையே நிவாரணத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்தப் பெண் அலைய வேண்டும். இந்த நிலையில் "அவர் இறந்துவிட்டார் என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று அமர்வுக்கு அமர்வு வலியுறுத்தும் ஆலோசகர், துக்கத்துக்கும் காத்திருப்புக்கும் நடுவே நிற்கும் அவரை இன்னும் தனிமைப்படுத்துகிறார். வருவார் என்று ஒரு நாளும், வரமாட்டார் என்று மறுநாளும் அவர் சொல்வது மனக்குழப்பமன்று, உண்மையிலேயே விடை தெரியாத நிலைக்கு மனம் தரும் நேர்மையான பதில். இரண்டையும் சொல்ல இடம்கொடுத்து, பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வருமானம், அடுத்த மாதம் என்று கையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அவரே தீர்மானிக்கத் துணை நிற்பதே அங்கே செய்யக்கூடியது.

காலக்கணக்கைப் பார்க்காமல் தொடங்குவதையும் சொல்ல வேண்டும். நினைவுகளை நேரடியாக எதிர்கொள்ளும் சிகிச்சை முறைகள் பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள்வரை நீள்கின்றன. தொடக்கத்தில் கனவுகளும் பதற்றமும் சற்றுக் கூடுவதும் உண்டு. அதைக் கண்டு "போனதால்தான் கூடிவிட்டது" என்று இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள். விசைப்படகில் தொழில் செய்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்கு நல்ல வாய்ப்பு: வாரம் இருமுறை வந்தால் பெரும்பகுதியை முடித்துவிடலாம். ஆனால் மிகக் கொடிய நினைவை ஜூன் இரண்டாம் வாரத்தில் கிளறி, தடை முடிந்ததும் அவரைக் கடலுக்கு அனுப்புவது பெரும் பிழை. மனத்தை நிலைப்படுத்தும் மூச்சுப் பயிற்சி, காலடித் தரையையும் சுற்றியுள்ள பொருள்களையும் கவனிக்கும் பயிற்சி ஆகியவற்றை ஏப்ரலிலேயே கற்றுத் தேறிய பிறகு கடினமான பகுதிக்குச் சென்று, மே மாத இறுதிக்குள் அதை முடித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு தூரம் அவசரம் வேண்டாம் என்றேன். ஓரிடத்தில் மட்டும் தாமதமே தவறு. சாக வேண்டும் என்று மனம் காயப்பட்டவர் சொன்னால், அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கவோ "சும்மா சொல்றான்" என்று விட்டுவிடவோ கூடாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்தி, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுவதால், போலீஸ் வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.