தேநீருக்குப் பின் வரும் சில நிமிடங்கள்

அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் நான், தேநீர் குடித்த கையோடு சிகரெட் பற்றவைக்கும் பழக்கத்தை 16 ஆண்டுகள் வைத்திருந்தேன். மூன்று முறை விட்டும் தோற்றதற்குக் காரணம் மன உறுதிக் குறைவன்று, கடைவாசல் பெஞ்சுதான் என்பது பிறகே புரிந்தது. நான்காம் முறை, வீட்டுத் தேநீரை ஃபிளாஸ்கில் கொண்டுவந்து தறிக்கூடத்திலேயே குடித்தேன். சட்டைப்பையில் சிகரெட் இருந்த இடத்தில், உப்பிட்டுக் காயவைத்த நெல்லிக்காய்த் துண்டுகள் இருந்தன.

நிக்கோட்டின் ஏக்கம் முதல் 3 நாட்களில்தான் கடுமையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரத்தில் நெல்லியை மென்றபடி, அறுந்த இழைகளை முடிந்தேன். இரண்டாம் நாள் விரல் நடுங்கி முடிச்சு நழுவியபோது, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தேன். பொறுமையாகத் தமிழிலேயே பேசினார்கள்.

இது பத்தாம் மாதம். பழைய கடையின் புகை இன்னும் இழுக்கிறது. அப்போதெல்லாம் எதிர்ச்சாரியில் நடந்துவிடுகிறேன்.