பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? கிக்கரை உதைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பல வருடம் ஷெட்டில் தூங்கிய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் கைக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஒரு கிக் அடித்துப் பார்க்கலாமே! முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. டேங்கில் உதிர்ந்து கிடக்கும் துரு நேராகக் கார்புரேட்டருக்கு இறங்கும். காய்ந்துபோன சிலிண்டரில் பிஸ்டன் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உரசும். ஏர் ஃபில்டர் ஃபோம் வயதாகி, விரல் பட்டாலே பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். இழுக்கிற காற்றோடு அந்தப் பொடியும் என்ஜினுக்குள் போகும். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி என்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் எட்டிப் பாருங்கள். எலி கூடு கட்டியிருந்தால் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்பாது.

அப்புறம் பெட்ரோல் ஊற்றி உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஐந்தாறு உதையோடு நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சரியில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய்விட்டது. இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் நேரே கார்புரேட்டரைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஒரு வண்டியில் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவிக் கோர்த்தேன். பிளக் ஒவ்வொரு முறையும் நனைந்துதான் வந்தது; அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச்சின் ஒயர் டேங்குக்கு அடியில் உரசித் தோல் தேய்ந்து, ஃபிரேமில் எர்த் ஆகிக்கொண்டிருந்தது. பழைய வண்டியில் பொறி வரவில்லை என்றால், வேறு எதையும் தொடும் முன் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை உதைத்துப் பாருங்கள்.

பொறியைச் சோதிக்கும் முறையிலும் கோளாறு உண்டு. பிளக்கின் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் ஒயரை எங்கும் எர்த் செய்யாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்காதீர்கள், இக்னிஷன் காயிலும், பொறியை நேரத்துக்கு அடிக்க வைக்கும் சிடிஐ என்ற எலக்ட்ரானிக் பெட்டியும் போய்விடலாம். வெளியே பொறி தெரிந்தால் உள்ளேயும் அடிக்கும் என்று நம்புவது இன்னொரு ஏமாற்றம். அழுத்தப்பட்ட கலவைக்குள் பொறி தாவ வெளிக்காற்றில் தாவுவதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி வெளியே தெரியும், உள்ளே அணைந்துவிடும். சட்டென்று சத்தத்தோடு நீலமாக அடித்தால்தான் நம்பலாம். பிளக் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒருமுறை ஆயிலில் ஊறிய பிளக் துடைத்தாலும் பல நேரம் தேறுவதில்லை.

சிடிஐக்குப் பதில், பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் வைத்த வண்டி என்றால், சும்மா நின்ற காலத்தில் பாயிண்ட் முகத்தில் படலம் படிந்திருக்கும். சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து இழுத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். அதை மாற்றினால் டைமிங்கும், அதாவது பொறி அடிக்கும் நேரமும், மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேக்னட்டைக் கிராங்க்கில் பிடித்து நிறுத்தும் சின்ன உலோகச் சாவி வெட்டுப்பட்டிருந்தாலும் டைமிங் தவறும். பொறி அருமையாக வரும், வண்டி கிளம்பாது, அல்லது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். டைமிங் தவறிய டூ ஸ்ட்ரோக் சில சமயம் தலைகீழாகவே சுற்றிக் கிளம்பிவிடும். முதல் கியர் போட்டால் பின்னால் போகும்! பார்க்க வேடிக்கைதான், ஓட்டுபவருக்கு இல்லை.

சோக்கும் ஆக்சிலரேட்டரும்

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடக்கும் தவறு இது. சோக்கை இழுத்துவிட்டு, ஒவ்வொரு உதைக்கும் ஆக்சிலரேட்டரையும் முறுக்குவார்கள். அந்தக் கால மிக்குனி, கெய்ஹின் ஸ்லைடு கார்புரேட்டர்கள் பலவற்றில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு இல்லை. கூடுதல் பெட்ரோல் வருவதற்கான தனிப் பாதை அது. ஸ்லைடு மூடியிருக்கும்போது என்ஜின் பக்கம் உண்டாகும் உறிஞ்சல்தான் அந்தப் பாதை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திறந்தால் உறிஞ்சல் குறைந்துவிடும், சோக் இருந்தும் பயனில்லை. உதைக்கும் முன் நாலு முறை முறுக்கி விடுவதாலும் ஒன்றும் ஆகாது. இவற்றில் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. குளிர்ந்த என்ஜினுக்கு சோக் போட்டுக் கையை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு முழு வீச்சில் உதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும்போது ஐடிலில் பெட்ரோல் போகும் பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். அரை மில்லிமீட்டர் சுமாரான ஓட்டை அது, பித்தளையும் மென்மையானது. ஒருமுறை விரிந்தால் போனதுதான். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஜெட்களைப் பளபளப்பாக்கிவிட்டு சோக்குக்கான நுண்ணிய பாதையை அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறைய. பல கார்புரேட்டர்களில் அது கீழ்க் கிண்ணத்தின் ஓரமாகவே போகிறது. கொஞ்ச தூரம் ஓடி நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள்.

ஆயில் அளவில் தாராளம் காட்டுவது அடுத்தது. பெட்ரோல் 32 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 31 மில்லி. 20-க்கு 1 என்றால் 50 மில்லி. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கூட்டி ஊற்றினால் பிளக் நனைவது மட்டுமில்லை, ஆயில் கூடக்கூட ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு குறைகிறது. ஆயிலைத் தனி பம்ப் வழியாகச் செலுத்தும் வண்டிகளும் உண்டு. யமஹாவின் 1968 டிடி-1 அப்படிப்பட்டது. நீண்ட காலம் நின்ற பம்பை உடனே நம்பாதீர்கள். அது வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை பெட்ரோலிலும் ஆயில் கலந்தே ஓட்டுங்கள்.

கீழே இருக்கும் அறையை மறப்பது

ஃபோர் ஸ்ட்ரோக் பழக்கத்தில் வருபவர்கள் தடுமாறும் இடம் இது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைதான் கலவையை முதலில் இழுத்து, பிறகு மேலே தள்ளும் பம்ப். உதைத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் அந்த அறையில் குளமாகத் தேங்கும். பிளக்கைத் துடைத்துப் போட்டால் அடுத்த உதையில் மீண்டும் நனையும். பெட்ரோல் டேப்பையும் சோக்கையும் மூடி, பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரைத் தள்ளி எர்த் செய்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பத்துப் பதினைந்து முறை உதையுங்கள். பிறகு காய்ந்த பிளக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு உதைத்துப் பாருங்கள்.

அதே அறையின் இரு பக்கமும் இருக்கும் கிராங்க் ஆயில் சீல்கள் வருடக்கணக்கில் நின்றால் கடினமாகிவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால் அந்த வழியாகக் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து எளிதில் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் ஆகிவிட்டால் ஐடிலில் நிற்காமல் தானாக வேகம் பிடிக்கும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். சில நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழ் வரும் இடத்தைத் தேடுங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடும்போது ஆக்சிலரேட்டரை மூடி வைத்திருந்தால் அளவு பொய்யாகக் குறைவாகக் காட்டும். முழுதாகத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். 100 பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகப்படலாம். சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாகவே பிஸ்டனும் ரிங்கும் தெரியும். நெடுக்குக் கோடுகள் இருந்தால் சிலிண்டரைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. அந்த நிலையில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது கொடுமை. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. ஸ்ப்ரேயில் அது இல்லை. அவசியமென்றால் ஆயில் கலந்த பெட்ரோலையே ஒரு மூடி அளவு பிளக் ஓட்டையில் விடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகை மண்டும். நீங்கள் ஊற்றிய ஆயிலும் சைலன்சரில் தேங்கியிருந்ததும் எரிகிறது, பதற வேண்டாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கியர் ஆயில் அளவும் குறைந்திருந்தால், கிளட்ச் பக்கத்து சீல் போயிருக்கிறது.