சி நிரலுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இடையே மதிப்புகளை அனுப்புவது எப்படி?

சி மொழியில் எழுதிய ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷன்) உலாவிக்குள் ஓட்டுவது இன்று அரிய செயல் அன்று. முதன்மையான நான்கு உலாவிகளும் 2017ஆம் ஆண்டிலேயே, சி போன்ற மொழிகளின் நிரல்களை உலாவியில் ஓடவைக்கும் வடிவமான வெப்அசெம்ப்ளியை ஏற்றுக்கொண்டன. 2019 டிசம்பரில் அது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான தரமாகவும் ஆயிற்று. ஆனால் கம்பைல் செய்து முடித்த பிறகு, ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஒரு பெயரையோ மதிப்பெண் பட்டியலையோ அந்தச் செயற்கூற்றுக்கு அனுப்ப முயலும்போதுதான் புதியவர்கள் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் அனுப்பியது ஒன்றாகவும் சி நிரலுக்குக் கிடைத்தது வேறொன்றாகவும் இருக்கும். பெரும்பாலான நேரங்களில் பிழைச் செய்தியும் வராது.

இதற்குக் காரணம் எளியது. வெப்அசெம்ப்ளியின் தொடக்க வடிவத்தில் இருந்த மதிப்புகள் நான்கு வகை எண்கள் மட்டுமே: 32 பிட் முழு எண், 64 பிட் முழு எண், 32 பிட் தசம எண், 64 பிட் தசம எண். பின்னர் வேறு சில வகைகள் சேர்ந்தபோதிலும், சி நிரலைப் பொறுத்தவரை இன்றும் நடைமுறை இதுதான். சரம் (உரை), அணி (மதிப்புகளின் வரிசை), பொருள் (ஆப்ஜெக்ட்) ஆகிய எதுவும் இரு மொழிகளுக்கும் இடையிலான எல்லையைக் கடப்பதில்லை. அவை நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரி என்னும் எண்தான் கடக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு செய்தியின் விரிவே ஆகும்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரல் வரிகளை வெட்டி ஒட்டாமல் நீங்களே தட்டச்சு செய்து பார்ப்பது நல்லது.

படி 1: கருவிகளை ஆயத்தம் செய்தல்

சி நிரலை வெப்அசெம்ப்ளியாக மாற்றும் எம்ஸ்கிரிப்டன் கம்பைலரை அதன் எம்எஸ்டிகே தொகுப்பின் வழியாக நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு சி கோப்பு ஒன்றில் இரண்டு முழு எண்களை வாங்கி அவற்றின் கூட்டுத்தொகையைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். கம்பைல் செய்யும்போது, எந்தெந்தச் செயற்கூறுகள் வெளியே தெரிய வேண்டும் என்று எக்ஸ்போர்ட்டட் ஃபங்ஷன்ஸ் என்ற பட்டியலில் குறிப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாதவற்றை யாரும் அழைக்கவில்லை என்று கருதிக் கம்பைலர் நீக்கிவிடக்கூடும். பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்க்க மறவாதீர்கள். நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மாலாக், அதை விடுவிக்கும் ஃப்ரீ ஆகிய இரண்டையும் இப்போதே அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் படியில் தேவைப்படும். சி செயற்கூறுகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைக்க உதவும் சிகால், சரங்களுக்கான உதவிச் செயற்கூறுகள், நினைவகத்தை எண்களின் அணியாகக் காட்டும் ஹீப் எஃப்64 போன்ற நினைவகக் காட்சிகள் ஆகியவற்றுக்கு எக்ஸ்போர்ட்டட் ரன்டைம் மெதட்ஸ் என்ற தனிப் பட்டியல் உண்டு.

நீங்கள் சி++ மொழியில் எழுதுபவரானால், செயற்கூற்றின் பெயரைக் கம்பைலர் தன் போக்கில் உருமாற்றிவிடும். அதைத் தடுக்க எக்ஸ்டர்ன் சி என்ற குறிப்பு தேவை.

கம்பைல் செய்ததும் வாசம் (வெப்அசெம்ப்ளி) கோப்பு ஒன்றும், அதை ஏற்றி இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றும் கிடைக்கும். பக்கத்தை நேரடியாகக் கோப்புறையிலிருந்து திறந்தால் பொதுவாக வாசம் கோப்பு ஏறாது. பைத்தானுடன் வரும் சிறிய எச்டிடிபி சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறக்க வேண்டும். ஏற்றும் வேலை பின்னணியில் நடப்பதால், ஆன் ரன்டைம் இனிஷியலைஸ்டு என்ற அறிவிப்பு வந்த பிறகே சி செயற்கூறுகளை அழைக்க வேண்டும்.

படி 2: எண்களை அனுப்புதல்

கூட்டல் செயற்கூற்றுக்கு 2, 3 ஆகியவற்றை அனுப்பினால் 5 கிடைக்கும். இதில் வியப்பில்லை. இப்போது 2.9, 3.9 ஆகியவற்றை அனுப்பிப் பாருங்கள். அப்போதும் 5தான் கிடைக்கும். முழு எண்ணாக மாறும்போது தசமப் பகுதி வெட்டப்படுகிறது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு அது நகர்த்தப்படுவதில்லை. "ஐந்து" என்ற சொல்லை அனுப்பினால் அது 0 ஆகிறது. இரண்டாவது மதிப்பை அனுப்பவே மறந்தாலும் அந்த இடத்தில் 0 வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில் எதற்கும் குறை சொல்வதில்லை. ஆகவே, எல்லையைக் கடக்கும் முன் மதிப்பின் வகையைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

அளவைப் பற்றியும் கவனம் தேவை. 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295, அதாவது ஏறத்தாழ 429 கோடி. இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண்கள் என்பதால், அவற்றில் மிகச் சிறியதுகூட 600 கோடிக்குக் குறையாது. 6000000000 என்ற எண்ணை அனுப்பினால் சி நிரலுக்குக் கிடைப்பது 1705032704. மேலே வழிந்த பிட்டுகள் சத்தமின்றிக் கொட்டிப்போய்விடுகின்றன. கைபேசி எண்ணைச் சரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அதை எண்ணாக வைத்திருக்க என்ன தேவை?

சி நிரலில் குறியற்ற (எதிர்ம மதிப்பு ஏற்காத) முழு எண்ணாக இருக்கும் 4000000000 ஜாவாஸ்கிரிப்டுக்கு வரும்போது −294967296 என்று காட்சியளிக்கும். எல்லைக்கு அப்பால் குறி உண்டா இல்லையா என்ற செய்தி போய்ச் சேர்வதில்லை. பிட்டுகள் மட்டுமே போகின்றன. விடையைக் குறியற்ற வலப் பெயர்ச்சியால் சுழிய இடங்கள் நகர்த்தினால், அதாவது மூன்று வலக்குறிகளும் ஒரு சுழியமும் இட்டால், சரியான எண் மீண்டுவிடும்.

ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான எண் 64 பிட் தசம எண்ணாகையால், அது 9007199254740991 வரையிலான முழு எண்களைத்தான் ஐயமின்றித் தாங்கும். எனவே 64 பிட் முழு எண்கள் பிக்இன்ட் என்னும் தனி வகையாகவே எல்லையைக் கடக்கின்றன. அங்கே சாதாரண எண்ணைக் கொடுத்தால் டைப்எரர் என்ற பிழை எழும். பிழையென்று வாய்திறந்து சொல்லும் அரிய இடங்களில் இது ஒன்று. எம்ஸ்கிரிப்டனின் பழைய பதிப்புகள் இத்தகைய எண்ணை இரண்டு 32 பிட் துண்டுகளாக உடைத்து அனுப்பின. பழைய எடுத்துக்காட்டுகளில் அந்த வழக்கத்தைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

தசம எண்களுக்கு டபுள் வகையையே பயன்படுத்துங்கள். ஃப்ளோட் வகையில் 0.1 போய்த் திரும்பினால் 0.10000000149011612 ஆகிவிடுகிறது.

படி 3: அணியை அனுப்புதல்

மூன்று மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடும் சி செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். அது டபுள் எண்கள் இருக்கும் முகவரியைக் குறிக்கும் சுட்டி ஒன்றையும், எத்தனை எண்கள் என்பதையும் வாங்கும். அதற்கு 40, 50, 60 என்ற ஜாவாஸ்கிரிப்ட் அணியை அப்படியே கொடுத்தால் என்ன நடக்கும்? முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அணி வந்ததால், ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக்க முயன்று தோற்று 0 என்று அனுப்பும். மேசைக்கணினியில் ஓடும் சி நிரல் 0ஆம் முகவரியைப் படித்தால் பொதுவாக அங்கேயே விழுந்துவிடும். வெப்அசெம்ப்ளியிலோ 0 என்பதும் நினைவகத்தின் முறையான முகவரி. ஆகவே நிரல் அங்கே இருக்கும் ஏதோ பைட்டுகளைப் படித்து, ஏதோ ஒரு சராசரியைத் திருப்பித் தரும். அணியில் 40 என்ற ஒரே எண் இருந்தால் இன்னும் வேடிக்கை: அந்த அணி 40 என்ற எண்ணாகவே மாறி, 40ஆம் முகவரியைப் படிக்கச் சொல்லும்.

சரியான வழி இது. முதலில் மாலாக்கை அழைத்து 24 பைட்டுகள் கேளுங்கள். ஒரு டபுள் எண்ணுக்கு 8 பைட்டுகள், மூன்றுக்கு 24. அது ஒரு முகவரியைத் தரும். எடுத்துக்காட்டாக 5248 என்று கொள்வோம். அடுத்து, ஹீப் எஃப்64 என்ற காட்சியில் செட் என்ற செயற்கூற்றைக் கொண்டு அணியை அங்கே நகலெடுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முகவரி பைட்டுகளில் எண்ணப்படுகிறது. ஹீப் எஃப்64 காட்சியோ 8 பைட்டுகளை ஓர் இடமாக எண்ணுகிறது. எனவே 5248ஐ 8ஆல் வகுத்து 656ஆம் இடத்தில் எழுத வேண்டும். மாலாக் தரும் முகவரி எப்போதும் 8ஆல் வகுபடும் என்பதால் மீதி வராது. 32 பிட் எண்களானால் 4ஆல் வகுக்க வேண்டும். பைட்டுகளானால் வகுக்கவே வேண்டாம்.

பிறகு சராசரிச் செயற்கூற்றுக்கு 5248, 3 ஆகிய இரண்டையும் அனுப்புங்கள். 50 என்ற விடை வரும். முடிந்ததும் ஃப்ரீயை அழைத்து 5248ஐ விடுவியுங்கள். பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் குப்பை சேகரிப்பான் இந்த இடத்தை ஒருபோதும் தீண்டாது. நடுவில் பிழை எழுந்தாலும் விடுவிப்பு நடப்பதற்காக, அதை ஃபைனலி பகுதிக்குள் வைப்பது என் வழக்கம்.

சி நிரல் எழுதிய அணியைத் திரும்பப் படிக்கும்போது சப்அரே, ஸ்லைஸ் என்று இரு வழிகள் உள்ளன. முன்னது அதே நினைவகத்தின் மீதான சாளரம். நீங்கள் ஃப்ரீ செய்தபின் வேறு யாராவது அங்கே எழுதினால் உங்கள் எண்களும் மாறிவிடும். பின்னது தனி நகல். புதியவர்களுக்கு ஸ்லைஸே பாதுகாப்பானது.

படி 4: சரத்தை அனுப்புதல்

ஆங்கிலச் சொல்லைக் கொண்டு சோதித்தால் சரங்களில் உள்ள பிழைகள் வெளிவருவதே இல்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே தவறான கணக்கும் சரியான விடையைத் தந்துவிடும். தமிழில் சோதியுங்கள்.

"தமிழ்" என்ற சொல்லைக் கண்ணால் எண்ணினால் மூன்று எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் 5; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சி நிரலுக்குள், எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாவதால் மொத்தம் 15. முடிவைக் குறிக்கும் சுழியப் பைட்டையும் சேர்த்தால் 16. நீளம் 5 என்று நம்பி 6 பைட்டுகள் மட்டும் ஒதுக்கி, அந்த அளவையே ஸ்ட்ரிங் டு யூடிஎஃப்8 என்ற உதவிச் செயற்கூற்றுக்கும் சொன்னால், சி நிரலுக்குப் போய்ச் சேர்வது "த" மட்டுமே. எனவே முதலில் லெங்த் பைட்ஸ் யூடிஎஃப்8 கொண்டு பைட் அளவைக் கேட்டு, அதனுடன் 1 கூட்டி, அவ்வளவை மாலாக்கிடம் வாங்குங்கள்.

சிகால் இந்த வேலை முழுவதையும் தானே செய்துவிடும். மதிப்பின் வகை ஸ்ட்ரிங் என்று குறித்தால் போதும். ஒருமுறையாவது கையால் செய்து பார்த்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள் என்பேன், ஏனெனில் அதற்குள் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, சிகால் சரத்தை அடுக்கு நினைவகத்தில் தற்காலிகமாக வைக்கிறது. அழைப்பு முடிந்ததும் அந்த இடம் செல்லாது. சி நிரல் அந்த முகவரியைச் சேமித்து வைத்துக்கொண்டு பின்னர் படித்தால் குப்பைதான் கிடைக்கும். மேலும், எம்ஸ்கிரிப்டனின் 3.1.27ஆம் பதிப்பிலிருந்து அடுக்கின் இயல்பான அளவு 64 கேபி மட்டுமே என்பதால், நீண்ட கட்டுரை ஒன்றை இவ்வழியில் அனுப்புவது தகாது. இரண்டாவது, சி நிரல் மாலாக் செய்து திருப்பித் தரும் சரத்தை ஸ்ட்ரிங் வகையாகப் பெற்றால், சிகால் உரையை நகலெடுத்துத் தந்துவிட்டு முகவரியைத் தொலைத்துவிடுகிறது. அதன்பின் விடுவிக்க வழியில்லை. அத்தகைய இடங்களில் விடையை நம்பர் வகையாகப் பெற்று, யூடிஎஃப்8 டு ஸ்ட்ரிங் கொண்டு நீங்களே உரையாக்கி, பிறகு ஃப்ரீ செய்யுங்கள்.

படி 5: நினைவகம் வளரும்போது

வெப்அசெம்ப்ளியின் நினைவகம் 65536 பைட்டுகள் கொண்ட பக்கங்களாக வளரும். வளர்ச்சியை நீங்கள் அனுமதித்திருந்தால், ஏதேனும் ஒரு மாலாக் அழைப்பின்போது அது நிகழக்கூடும். அப்போது பழைய நினைவகத்தின் மீதான காட்சிகள் அனைத்தும் துண்டிக்கப்படுகின்றன. எம்ஸ்கிரிப்டன் தன்னுடைய ஹீப் எஃப்64 போன்றவற்றைப் புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் தனி மாறியில் எடுத்து வைத்த காட்சியை அது அறியாது. அந்தப் பழைய காட்சியின் நீளம் 0. அதில் எந்த இடத்தைப் படித்தாலும் அன்டிஃபைண்டு (மதிப்பு இல்லை), கணக்கில் சேர்த்தால் என்ஏஎன் (NaN) என்னும் எண்ணல்லாத மதிப்பு.

ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்குப் பலிகொடுத்திருக்கிறேன். சிறிய படங்களுக்குச் சரியாக ஓடிய நிரல், பெரிய படம் வந்ததும் வெறும் கறுப்பைக் காட்டியது. சூத்திரத்தில்தான் பிழை என்று எண்ணிச் சி நிரலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிழையோ நான் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து வைத்த காட்சியில் இருந்தது. எல்லா மாலாக் அழைப்புகளும் முடிந்த பின்னர், படிக்கும் அந்தக் கணத்தில் காட்சியைப் புதிதாக எடுங்கள்.

படி 6: சியிலிருந்து ஜாவாஸ்கிரிப்டை அழைத்தல்

எதிர்த்திசைக்கும் விதி அதுவே. ஈஎம் ஜேஎஸ் என்ற மேக்ரோவைக் கொண்டு சி கோப்புக்குள்ளேயே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூற்றை எழுதலாம். சி நிரல் அதற்கு ஒரு சரத்தைக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் வந்து சேர்வது ஓர் எண். அதை யூடிஎஃப்8 டு ஸ்ட்ரிங் கொண்டு உடனே உரையாக்கிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் உள்ள ஒரு பொத்தானைச் சி நிரல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அணியை வைத்து, பொத்தானை அதில் சேர்த்து, அது இருக்கும் வரிசை எண்ணைச் சி நிரலுக்குக் கொடுங்கள். செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிச் செல்வது போன்ற ஏற்பாடு இது. வரிசையை 1இலிருந்து தொடங்கினால், 0 என்பதை "எதுவும் இல்லை" என்ற பொருளுக்கு ஒதுக்கிவைக்கலாம். வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால், பக்கத்திலிருந்து பொத்தான் நீக்கப்பட்ட பிறகும் அணி அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.