பழைய வண்டி அலைகிறதா? ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

80,000 கி.மீ. தாண்டிய பைக் நேராகப் போகாமல் அலைந்தால், பலரும் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் மாற்றுவார்கள். நானும் அப்படிச் செலவு செய்து ஏமாந்தவன்தான். முதலில், காலையில் டயர் சூடாகும் முன் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். சில சமயம் அதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்டில்பாரை மெல்ல இருபக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்து நின்றால், கோன் செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) குழி விழுந்துவிட்டது. நட்டை இறுக்கிப் பயனில்லை, செட்டாக மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு குழாய்கள்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். குழி இல்லாமல் மேலே 'லொடலொட' மட்டும் கேட்டால், பெரும்பாலும் வெறும் தளர்வு. அளவாக இறுக்கினால் சரி.

அப்புறம் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஸ்விங் ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற சட்டம்) சேர்ந்து ஆடினால், அதன் மூட்டில் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கும். வளைவில் பின்பக்கம் தனியாக வருவதுபோல் தோன்றுவது பல வண்டிகளில் இதனால்தான். விலை குறைந்த சாமான், ஆனால் கழற்றும் வேலை அதிகம் என்பதால் யாரும் தொடுவதில்லை!

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி என்றால் பின் டயரையும் பாருங்கள். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர், சாயும்போது தயங்கித் திடீரென விழும்.