ஃப்ரைடு சிக்கனும் வாஃபிளும்: இரண்டும் ஒரே நேரத்தில் மொறுமொறுப்பாக

கோழி பொரிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். குழிக்குழியான சூட்டுத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடும் வாஃபிளும் தனியாகச் செய்தால் வந்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும்போதுதான் சிக்கல். கோழி சூடாக இருக்கும், வாஃபிள் துவண்டு கிடக்கும். இல்லையென்றால் வாஃபிள் மொறுமொறுவென்று இருக்கும், கோழி ஆறிப்போயிருக்கும். எந்த வேலையை எப்போது செய்வது என்பது பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் மசாலாவைவிட வேலை வரிசையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்காவில் இதே பெயரில் இரண்டு உணவுகள் உண்டு. பென்சில்வேனியாவில் ஜெர்மன் வழிவந்த குடும்பங்கள் செய்வது, வேகவைத்துப் பிய்த்த கோழியைக் கெட்டியான கிரேவியோடு வாஃபிள் மேல் ஊற்றும் வகை. இன்னொன்று கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்த வகை: பொரித்த கோழி, வாஃபிள், வெண்ணெய், மேப்பிள் சிரப். நியூயார்க்கின் ஹார்லெமில் ஜோசப் வெல்ஸ் 1938இல் தொடங்கிய உணவகம் இதற்குப் பேர்போனதாக இருந்தது. இரவு வெகுநேரம் வாசித்துவிட்டு வரும் ஜாஸ் கலைஞர்கள் அங்கே விரும்பிச் சாப்பிட்டது இதைத்தான். ஹார்லெமைச் சேர்ந்த ஹெர்ப் ஹட்சன் 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் ராஸ்கோஸ் என்ற கடையைத் திறந்து இதை மேற்குக் கரையிலும் பிரபலமாக்கினார். நாம் செய்யப்போவது இந்த இரண்டாவது வகை. உப்பும் காரமும் உள்ள கோழியோடு இனிப்புப் பாகு சேரும் அந்தச் சுவை அலாதியானது.

முந்தின இரவு

தோலோடு கூடிய தொடைத்துண்டு 6 வேண்டும், ஏறக்குறைய ஒரு கிலோ. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், சீக்கிரம் வறண்டுவிடும்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் மோர் கெட்டியானது. நாம் கடைந்து குடிக்கும் மோரை அப்படியே ஊற்றினால் கோழியில் ஒட்டாமல் வழிந்துவிடும். ஒன்றரை கப் புளித்த தயிரில் அரை கப் தண்ணீர் விட்டு அடித்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதில் பொடி உப்பு 1 டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் கலந்து, கோழியை முக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 8 முதல் 12 மணி நேரம் போதும். ஒரு நாளைத் தாண்டினால் தயிரின் புளிப்பில் கறி குழைய ஆரம்பிக்கும்.

மேல்மாவு

மைதா 2 கப், கார்ன்ஃப்ளார் அரை கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு 2 டீஸ்பூன், பூண்டுப் பொடி, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் ஒவ்வொன்றும் 2 டீஸ்பூன். கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது வெள்ளையாக நைசாக இருப்பது, மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல.

கோழி ஊறிய தயிரிலிருந்து 3 டேபிள்ஸ்பூன் எடுத்து இந்த மாவில் தெளித்து விரலால் பிசறுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகும். கடைக் கோழியில் பார்க்கும் கரடுமுரடான மொறுமொறுப்பு இந்தக் கட்டிகளால் வருவதுதான். துண்டுகளை வடித்து, மாவில் போட்டு, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பிறகு கம்பி வலைத்தட்டில் 20 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தோலோடு ஒட்டும். அவசரப்பட்டு உடனே எண்ணெயில் போட்டால் பாதி மாவு வாணலியில் உதிர்ந்துவிடும்.

பொரிப்பது

அடிகனமான இரும்பு வாணலிதான் என் தேர்வு. கோழியைப் போட்டதும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், கனமான இரும்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் வாணலியில் பாதி உயரத்துக்கு மேல் போகவேண்டாம்.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தச் சமையலுக்குப் புதிதாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், வாஃபிள் மெஷினுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் வந்ததும் மூன்று துண்டுகள் போடுங்கள். 150–160க்கு இறங்கும், அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எலும்புள்ள தொடை வேக 12 முதல் 15 நிமிடம் ஆகும். எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் 74 டிகிரி காட்டவேண்டும், அதற்குக் கீழே ஆபத்து. தொடைக்கறி 80 வரை போனால் இன்னும் மிருதுவாக இருக்கும்.

எடுத்ததும் டிஷ்யூ பேப்பர் மேல் பரப்பாதீர்கள், அடிப்பக்கம் வியர்த்துப் போகும். வலைத்தட்டில் வைத்து, அப்படியே 95 டிகிரி சூட்டில் உள்ள ஓவனுக்குள் தள்ளுங்கள். அரை மணி நேரம் வரை கோழி கெடாமல் நிற்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் வாஃபிள் சுடவேண்டும்.

வாஃபிள்: எல்லோரும் சறுக்கும் இடம்

மைதா ஒன்றரை கப், கார்ன்ஃப்ளார் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் முட்டை 2, கோழிக்குச் செய்ததுபோல் தளர்த்திய தயிர் ஒன்றே முக்கால் கப் (கோழி ஊறியது அல்ல, புதிது), எண்ணெய் அரை கப். இரண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிண்டு கிண்டினால் போதும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக இருப்பதுதான் பதம்.

உருக்கிய வெண்ணெய் ஊற்றச் சொல்லும் குறிப்புகள்தான் அதிகம். நான் எண்ணெய் பக்கம். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர் இருக்கிறது, அதனால் மொறுமொறுப்பு குறைகிறது. வெண்ணெய் வாசனை வேண்டுமென்றால் பரிமாறும்போது மேலே ஒரு துண்டு வையுங்கள். முட்டை வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துச் சேர்ப்பதும் தேவையில்லை, கார்ன்ஃப்ளார் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம். மெஷினில் பச்சை விளக்கு எரிந்ததும் திறக்காதீர்கள். அந்த விளக்கு தட்டின் சூட்டைக் காட்டுகிறதே தவிர, மாவில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். பக்கவாட்டில் வரும் ஆவியைப் பாருங்கள். முதலில் புஸ்ஸென்று வரும், பிறகு மெலியும். ஏறக்குறைய நின்றுபோனதும் திறங்கள். பெரும்பாலான மெஷின்களில் விளக்குக்குப் பிறகு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். ஆவி வந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கினால் வாஃபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும்.

எடுத்த வாஃபிளை நேராகத் தட்டில் வைத்தால் அடியில் ஆவி மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் துவண்டுவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் அதே கதிதான். ஓவனில் கோழிக்குப் பக்கத்தில், வலைத்தட்டில், தனித்தனியாக வையுங்கள்.

ஆழமான குழிகள் உள்ள பெல்ஜியன் மெஷினைவிடக் குழி குறைந்த வட்ட மெஷின் எனக்குப் பிடிக்கும். வாஃபிள் மெல்லியதாக வருவதால் சீக்கிரம் மொறுமொறுப்பாகும். தட்டுக்கு எண்ணெய் பிரஷ்ஷால் தடவுங்கள். ஸ்ப்ரே டப்பா வேண்டாம், நான்ஸ்டிக்கில் பிசுக்குப் படிந்து நாளடைவில் எல்லாமே ஒட்ட ஆரம்பிக்கும்.

பரிமாறும்போது

வாஃபிள், மேலே வெண்ணெய், அதன்மேல் கோழி, கடைசியாகச் சூடாக்கிய மேப்பிள் சிரப். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிரப்பை அப்படியே ஊற்றினால் இவ்வளவு நேரம் காத்த சூடு போய்விடும். பான்கேக் சிரப் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகில் வாசனை சேர்த்தது. அசல் மேப்பிள் சிரப் ஒரு லிட்டர் காய்ச்ச மரத்திலிருந்து 40 லிட்டர் போலச் சாறு இறக்கவேண்டும், அதுதான் விலைக்குக் காரணம். கொஞ்சமாக ஊற்றினாலும் அசலையே ஊற்றுங்கள். மிளகாயும் வினிகரும் சேர்ந்த ஹாட் சாஸ் நாலு சொட்டு விட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

பின்னர் சேர்த்தவை

ஓவன் இல்லாதவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கோழியை முழுவதும் வேகப் பொரித்து வலைத்தட்டில் வைத்துவிடுங்கள். வாஃபிள்களைச் சுட்டு முடித்ததும், எண்ணெயை 190க்குச் சூடாக்கிக் கோழியை ஒரு நிமிடம் திரும்பப் போட்டு எடுங்கள். அதற்குள் வாஃபிள் ஆறியிருந்தால் சூடான மெஷினில் 30 விநாடி வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

ஏர் ஃப்ரையரில் செய்தவர்கள், மாவு வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது என்றார்கள். எண்ணெய் படாத உலர்ந்த மாவு அப்படித்தான் நிற்கும். திட்டு தெரியும் இடங்களில் எண்ணெய் தடவுங்கள். ஆனாலும் வாணலியில் வரும் மொறுமொறுப்பு வராது.

மீந்த வாஃபிளை நன்றாக ஆறவிட்டு ஃப்ரீசரில் வைத்தால், வேண்டும்போது அப்படியே டோஸ்டரில் போடலாம். மீந்த கோழிக்கு 200 டிகிரி ஓவனில் 12 முதல் 15 நிமிடம். மைக்ரோவேவ் இரண்டுக்கும் ஆகாது.