டேர்போ எஞ்சினுக்கு எயார் ஃபில்டர்: மாற்ற முன் அளந்து பாருங்கள்

டேர்போ இல்லாத எஞ்சினில் எயார் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், ஓட்டுபவருக்கே விளங்கிவிடும். டேர்போ எஞ்சினில், அதாவது புகையின் வேகத்தில் சுற்றும் கம்பிரசர் காற்றை அமுக்கி ஊட்டும் எஞ்சினில், அப்படி இல்லை. ஈசியு, அதாவது எஞ்சின் கணினி, தான் குறித்த பூஸ்டை (வெளிக்காற்றுக்கு மேல் ஏற்றும் அழுத்தத்தை) எப்படியும் எடுக்கப் பார்க்கும். டேர்போவுக்குப் போகாமல் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேற் கதவை இன்னும் மூடி டேர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும். பூஸ்ட் மீற்றரில் முள் பழைய இடத்திலேயே நிற்கும், சுமை முழுக்க டேர்போவின் தலையில் விழும்.

கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்று 1013 மில்லிபார், பூஸ்ட் 1000 மில்லிபார் என்று வைப்போம். தடையே இல்லாவிட்டால் கம்பிரசர் காற்றை 1.99 மடங்கு அமுக்கினால் போதும். டேர்போ வாயில் 70 மில்லிபார் குறைந்தால் உள்ளே வருவது 943தான். அதே பூஸ்டுக்கு 2.13 மடங்கு அமுக்க வேண்டும். நம்மூர் 32 பாகைக் காற்றில், 70 வீதத் திறனுள்ள கம்பிரசரிலிருந்து வெளியேறும் காற்று இதனால் மட்டும் சுமார் 11 பாகை கூடச் சுடும். டேர்போ வாயில் உறிஞ்சல் மிகவும் கூடினால் கம்பிரசர் பக்கத்து சீலைத் தாண்டி ஒயிலும் இழுக்கப்படும். டேர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்த்தும் இன்ரகூலரின் ஹோசில் ஒயில் கண்டவுடன் டேர்போவைக் கழற்றும் பாஸ்மார் முதலில் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

எவ்வளவு காற்றுத் தேவை? பெற்றோல் எஞ்சினில் 100 பரிவலுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 4.5 கிலோ காற்று. டீசலுக்குக் கால்வாசியாவது கூட்டிக்கொள்ளுங்கள். 98 பரிவலு உள்ள ரொயோட்டா ரெய்ஸின் 1.0 லீற்றர் டேர்போவுக்கு 4.4 கிலோ, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.8 கன மீற்றர். 64 பரிவலு உள்ள 660 சீசீ ஜப்பான் டேர்போ கார்களுக்கு 2.5 கன மீற்றர். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சர் உள்ள வாகனமென்றால் ஊகம் வேண்டாம். முழு அக்சிலேற்றரில் ஸ்கானர் காட்டும் கிராம்/செக்கனை 1.15ஆல் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை லீற்றர் என்று வந்துவிடும்.

இனி ஃபில்டர். வெளித்தோற்றத்தின் அளவைப் பார்க்காதீர்கள், கடதாசியின் பரப்பைப் பாருங்கள். மடிப்பு எண்ணிக்கை × 2 × மடிப்பின் ஆழம் × நீளம். 60 மடிப்பு, 28 மில்லிமீற்றர் ஆழம், 180 மில்லிமீற்றர் நீளமுள்ள சாதாரணத் தட்டை ஃபில்டரில் 0.60 சதுர மீற்றர் கடதாசி உண்டு. பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் கூம்பு ஃபில்டரில் 50 மடிப்பு, 15 மில்லிமீற்றர் ஆழம், 150 நீளம் என்றால் 0.23தான். கடதாசிக்கு ஒரு சதுர மீற்றருக்கு நிமிடம் 6 கன மீற்றர் அளவில் நிறுத்துவது எங்கள் தோராயக் கணக்கு. ரெய்ஸின் 3.8 கன மீற்றருக்குத் தட்டையானது அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, கூம்பில் கிட்டத்தட்ட 17 ஆகிறது. பருத்தித் துணி ஃபில்டர் அதே பரப்பில் கூடக் காற்றை விடும் என்பது உண்மைதான். புழுதியையும் கூட விடும்.

ஆனால் பல வாகனங்களில் குற்றவாளி ஃபில்டரே அல்ல, குழாய்தான். குழாய்த் தடை காற்றோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். பூஸ்டைக் கூட்டிக் காற்றை ஒன்றரை மடங்காக்கினால் தடை இரண்டே கால் மடங்காகும். அதே 3.8 கன மீற்றர் 50 மில்லிமீற்றர் குழாயில் செக்கனுக்கு 32 மீற்றர் வேகத்தில் ஓடும், 60 மில்லிமீற்றரில் 22தான். கூரான வளைவு ஒன்று, வட்டமாக வளைந்ததைவிட நாலைந்து மடங்கு இழப்பைத் தரும். வெறுமனே வெட்டிவிட்ட குழாய் வாயும் நட்டம்தான், விளிம்பை மணிபோல விரித்தால் அந்த இழப்பு ஏறத்தாழ இல்லாமற்போகும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான ரியூப் போதும். ஒரு மீற்றர் பலகையில் அதை யூ வடிவில் கட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு விடுங்கள். ஒரு முனை திறந்திருக்க, மற்ற முனை டேர்போ வாய்க்கு முன்னுள்ள ஹோசுக்குப் போக வேண்டும். ஹோசை வாகனத்திலிருந்து கழற்றியே துளையுங்கள். 4 மில்லிமீற்றர் துளை, உள்விளிம்பு மழமழவென்று இருக்க வேண்டும், ரியூபை மாட்டும் நிப்பிள் உள்ளே நீட்டக்கூடாது. நீட்டினால் அளவு பிழைக்கும். ரப்பர்த் துகள் ஒன்றும் உள்ளே தங்காமல் கழுவுங்கள். தண்ணீர் டேர்போவுக்குள் போகாதபடி இடையில் ஒரு கண்ணாடி ஜாம் போத்தலை மாட்டுங்கள், மெல்லிய பிளாஸ்ரிக் போத்தல் சப்பிப்போகும்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது? சுமை கொடுக்க வேகமெடுப்பதுதான் வழி. ஆளில்லாத நேர்வீதியில் 30இலிருந்து 70 வரை அக்சிலேற்றரை முழுக்க மிதியுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிபார்.

புது ஃபில்டரோடு 20–30 மில்லிபார் வந்தால் நல்லது, 50ஐத் தாண்டினால் தேட வேண்டும். 50 மில்லிமீற்றர் குழாயில் துளைத்திருந்தால் அதில் 6 வரை காற்றின் வேகத்துக்கானது, இழப்பல்ல, கழித்துவிடுங்கள். அடுத்து ஃபில்டர் பெட்டியின் சுத்தப் பக்கத்தில் இன்னொரு துளையிட்டு அதே ஓட்டத்தை ஓடுங்கள். டேர்போ வாயில் 45, பெட்டியில் 18 என்றால் ஃபில்டரை மாற்றி ஒரு பயனுமில்லை. தடை இடையிலுள்ள ஹோசில்தான், ஒயில் ஊறி இளகி உறிஞ்சலில் சப்புகிறதா என்று பாருங்கள். பெட்டியில் வந்த அளவே பெரிதென்றால் பெட்டிக்குக் காற்றைக் கொண்டுவரும் முன்வாய்க் குழாயைக் கழற்றி மீண்டும் ஓடுங்கள். எவ்வளவு குறைந்ததோ அது அந்தக் குழாயுடையது, மிச்சம் ஃபில்டருடையது. ஃபில்டரையே கழற்றிவிட்டு மட்டும் ஓடவேண்டாம்.

திறந்த கூம்பு ஃபில்டரைப் பொனட்டுக்குள் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 மில்லிபார் மிச்சம் பிடித்தால் காற்றின் அடர்த்தியில் ஒரு வீத லாபம். 32 பாகைக்குப் பதில் 60 பாகைக் காற்றை இழுத்தால் எட்டு வீத நட்டம். அதிலும் பார்க்க பழைய பெட்டியை வைத்துக்கொண்டு, முன்வாயை கிரில் பக்கத்துக்கு அகலமாக எடுப்பது மேல். ஆனால் பதிவாக வைக்காதீர்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் தண்ணீரை இழுத்தால் பிஸ்ரனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளைந்துவிடும்.

சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் மாவுபோல நுண்ணியது. சோளகக் காலத்தில் ஒழுங்கைகளில் ஓடும் வாகனத்துக்குப் புத்தகத்தில் உள்ள கிலோமீற்றர் கணக்கு பொருந்தாது. பெட்டியில் இடமிருந்தால் பரப்புக் கூடிய ஃபில்டரைப் போடுங்கள். பரப்பு இரட்டித்தால் ஆயுள் இரட்டிப்பையும் தாண்டும், ஏனென்றால் கடதாசி ஊடாகப் போகும் காற்றின் வேகமும் பாதியாகிறது. வாராவாரம் காற்றடித்துத் தட்டவும் வேண்டாம். மேலே படிந்த மெல்லிய புழுதிப்படை ஃபில்டரின் வேலையைத் திறமாக்கும், காற்றடிக்கும் கொம்பிரசரின் காற்றோ நாரைப் பிய்க்கும். கழற்றினால் உள்ளே ரோர்ச் பிடித்து ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டியின் சுத்தப் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கோடு வந்தால் விளிம்பு ரப்பர் ஒழுகுகிறது. அந்த மண்தான் கம்பிரசர் இதழின் முன்விளிம்பை அரிக்கிறது.

வேலை முடிந்ததும் துளைகளுக்குள் ரப்பர்த் தக்கை வைத்து கிளிப் போட மறக்கவேண்டாம். அவை ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் துளைகள்.